இரண்டு அங்குலச் சீமாட்டி

தக்கலையில், ஸ்டெல்லஸின் ரப்பர் ஷீட் கடைக்கு மேலே
பதிமூன்று படி ஏறினால் என் அறை.
புகையிட்ட ஷீட்டின் வாடை
சாயத்தில் ஏறாது, என் சேலையில் ஏறும்.
வெளியே குலசேகரம் குலசேகரம் என்று
பேருந்துக்கு ஆள் கூப்பிடும் குரல்.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு
உருப்பெருக்கிக்குக் கீழே
ஒரு சீமாட்டிக்கு இமை வைக்கிறேன்.
மொத்த உயரம் இரண்டு அங்குலம்.
கட்டைவிரலால் மறைத்துவிடலாம்
அவளையும் அவள் வம்சத்தையும்.

அசல், அண்ணன் வீட்டில்.
பாகப்பிரிவினையில் அவருக்குப் போனது.
தங்கைக்கு வெள்ளிக் கரண்டிகள், ஓடாத ஒரு கடிகாரம்.
நம்மூரில் வரப்புத் தென்னைக்கு நடக்கிற வழக்கு
அங்கே செத்துப்போன ஒரு முகத்துக்கு.
ஒன்பது புகைப்படம் அனுப்பியிருக்கிறாள் தங்கை.
ஒன்றில் அவள் நகம் விழுந்திருக்கிறது.
அளவுக்கு அதையே வைத்துக்கொண்டேன்.

அசல் தந்தத்தில்.
என்னுடையது வெள்ளைப் பிளாஸ்டிக்,
தந்தத்தின் வரிகளைக்கூட அதில் அச்சடித்து விற்கிறார்கள்.
ஒருவேளை அது
நம்ம கோதையாற்று மலையில் முறித்த கொம்பாக இருக்கலாம்,
குளச்சலில் கப்பல் ஏறியிருக்கலாம்.
யாருக்குத் தெரியும்.
பாகப்பிரிவினையில் ஆனையைக் கேட்பதில்லை.

முகத்துக்கு மூன்று வாரம்.
கோடு கிடையாது, எல்லாம் புள்ளி.
கன்னத்துச் சிவப்புக்கு அடியில் பச்சை இருக்கிறது,
அது இல்லாவிட்டால்
வெள்ளைக்காரி சுண்ணாம்பு ஆகிவிடுவாள்.

தோளில்தான் நின்றுவிட்டேன்.
பின்பக்கம் பொறித்திருக்கிறது, 1828.
கழுத்துக்குக் கீழே அரை அங்குலம் வெறும் தோள்.
லேஸ் நழுவி நிற்கிறது, அன்றைய மோஸ்தர்.
அதே வருஷங்களில் இந்தக் கல்குளம் பக்கம்
தோளை மூடியதற்காக
சந்தையில் பெண்களின் சீலையைக் கிழித்தார்கள்.
அவளுக்குத் தெரிந்திருக்காது.
தெரிந்தாலும் என்ன,
உட்கார்ந்திருக்கிறாள், படம் எழுதுகிறார்கள்.
தூரிகையில் வெள்ளை எடுத்துவிட்டேன்.
ஒரு மடிப்பு, ஒரே ஒரு மடிப்பு
மேலே இழுத்துவிட்டால் போதும்.
ஆனால் நகல் என்று சொல்லித்தான் முன்பணம் வாங்கினேன்.
வெள்ளையைக் கழுவினேன்.
தோளைத் தோளாகவே வைத்தேன்,
நானூற்றுச் சொச்சம் புள்ளி,
பாதியில் எண்ணிக்கை தவறிவிட்டது.

பிறகு முடி.
சட்டத்தின் பின்னால் ஒரு கண்ணாடிக்குள்
அவள் முடியைப் பின்னி வைத்திருக்கிறார்கள்.
அதுவும் வேண்டும் என்று எழுதினாள் தங்கை.
தேன் நிறம், தையல்நூல் கனம்.
தக்கலையில் தேன் நிற முடிக்கு எங்கே போக?
அழகுநிலையத்து ஷைனி சாயம் ஏற்றிய கற்றை தந்தாள்,
வெளிச்சத்தில் அது பித்தளை.
தென்னந்தும்பு முரடு.
நாகர்கோவிலில் பொம்மை முடி வாங்கினேன்,
மினுங்கியது, பொம்மை மாதிரியே.
ஞாயிறு பூசை முடிந்து எட்வின்
திருவட்டாறிலிருந்து செந்துளுவன் குலை கொண்டுவந்தான்.
கட்டிய நாரை அவிழ்த்து எறியப் போனான்.
வெயில் பட்டது.
எலே, அதைத் தா.

வெள்ளத்தில் ஊறவைத்து, நகத்தால் கீறி,
பேன்சீப்பால் சீவி,
கடுப்பமான சாயாவில் ஒரு முக்கு.
மூன்று புரிப் பின்னல்,
பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் போல
நுனியை இறுக்கிக் கட்டினேன்.
ரசீதில் இயற்கை இழை என்று போட்டேன்.
பொய் இல்லை.

இடவப்பாதி மழையோடு பதில் வந்தது.
முகத்துக்கு ஒரு வரி, நன்றாக இருக்கிறதாம்.
தோளைப் பற்றி ஒன்றுமில்லை.
பின்பக்கக் கண்ணாடியைக் கழற்றி
முடியைத் தொட்டுப் பார்த்தாளாம்.
அண்ணன் ஒருநாளும் தொட விட்டதில்லை,
இவ்வளவு மென்மையாக இருக்குமென்று நினைக்கவில்லை,
அழுதேன் என்று எழுதியிருந்தாள்.

கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.
கீழேயிருந்து ஸ்டெல்லஸ்,
எக்கா, மேலயும் கரண்டு போச்சா என்றான்.
போய்த்தான் இருந்தது.
மேசையில் கடைசிச் செந்துளுவன், தோல் கறுத்து.
உரித்தேன்.
சதையோடு ஒட்டிக்கொண்டு
ஒரு நார் வந்தது.
வழக்கமாக எறிந்துவிடுவேன்.