வினைச்சொல்

இருபத்திரண்டு வருடம் அவருக்குக் கடிதம் அடித்தேன்.
புக்கிட் கெளாடி சேவை மையம்,
மேல்மாடி. கீழே ஆ சோங்கின் டயர்க் கடை.
தோட்டமெல்லாம் செம்பனையான பிறகும்
எங்களை மட்டும் ரப்பர் வாசம் விடவில்லை.

'மெனுந்துத்' என்று நான் அடித்ததைப்
பச்சை மையால் அடித்துவிட்டு
'மொஹோன்' என்று மேலே எழுதுவார்.
கோருகிறோம் வேண்டாம் பரிமளா,
வேண்டிக்கொள்கிறோம்னு போடு.
படிக்கிறவனும் மனுசன்தான்,
இப்பத்தான் பசியாறிட்டு வந்து உட்கார்ந்திருப்பான்,
அவன் நாளை ஏன் கெடுக்கணும்?

அப்போது வெறும் ராயப்பன்,
மூன்றாம் டிவிஷன் கிராணியின் மகன்.
சட்டமன்றத்தில் முதல் பேச்சு
லயத்துத் தண்ணீர்க் குழாய் பற்றி.
ஏழு நிமிடம், நான்கு நன்றி.
குழாய் வந்தது.
வாரத்தில் மூன்று நாள் தண்ணீரும் வந்தது.

பிறகு ஆட்சிக்குழு. பிறகு டத்தோ.
பிறகு கோலாலம்பூர், துணை அமைச்சர்,
கடைசிவரை துணை.
அமைச்சர் வெளிநாடு போன வாரங்களில்
அந்த நாற்காலியின் விளிம்பில் உட்கார்வாராம்,
அவர் திரும்பி வரும்போது சூடாயிருக்கக் கூடாதென்று.

மூன்று இனத்துச் சாவு வீட்டிலும்
செருப்பை எங்கே விடுவதென்று தெரிந்த மனிதர்.
கூட்டத்தில் மேசையைத் தட்டுகிறவர்களைப் பார்த்து
மெதுவாகக் கேட்பார்:
மேசை நம்மளுதா?

இளைஞர்கள் வைத்த பெயர் 'டத்தோ பார்ப்போம்'.
இன்னொரு பெயரும் உண்டு. எழுத மாட்டேன்.

பிராக்டன் தோட்டத்தை விற்ற வருடம்
நூற்றுப் பதினாறு குடும்பம்.
வேலிக்கு வெளியே மண்வாரி, உள்ளே கொடி.
இரண்டு பக்கமும் அவரைக் காணோம் என்றார்கள்.
பதினொரு இரவு கம்பெனிக்காரர்களோடு
சீனியில்லாத தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.
நாற்பத்திரண்டு வீடு வாங்கி வந்தார்,
மலிவு வீடு, இரண்டு அறை, சாவியோடு.
மீதி எழுபத்து நான்கு பேருக்கு
ஆளுக்கொரு கடிதம்.
எழுபத்து நான்கையும் நான்தான் அடித்தேன்.
அறுபத்தோராவது என் அண்ணன் பெயர்.
அதிலும் எழுத்துப்பிழை இல்லை.

கத்தியிருந்தால் எல்லாருக்கும் கிடைத்திருக்கும்
என்கிறான் அண்ணன், இன்றுவரை.
கத்தியிருந்தால் ஒன்றுமே கிடைத்திருக்காது
என்கிறார்கள் அந்த நாற்பத்திரண்டில் இருப்பவர்கள்,
கதவைப் பாதி திறந்தபடி.
தீபாவளிக்கு இரண்டு பக்கமும் கூப்பிடுவார்கள்.
இரண்டு பக்கமும் சாப்பிடுவேன்.

முன்னூற்றுப் பதினேழு ஓட்டில் தோற்றார்.
ஜெயித்த பையனுக்குக் கைகொடுத்து,
கை ஈரமாயிருந்ததற்கு மன்னிப்பும் கேட்டார்.
சேவை மையத்தில் இப்போது கைப்பேசி பழுது பார்க்கிறார்கள்.
நான் நகலெடுக்கும் கடையில்.

போன செவ்வாய்க்கிழமை வந்தார்.
முன்னே விடப் பார்த்தார்கள்; வரிசையிலேயே நின்றார்.
வீட்டு வாசல் தெருவிளக்கு
அஞ்சு வாரமா எரியலம்மா,
நகராண்மைக் கழகத்துக்கு ஒரு கடிதம்.

அடித்தேன்.
மெனுந்துத்.

கண்ணாடியைத் துடைத்து, இரண்டு முறை வாசித்தார்.
சட்டைப்பையில் அதே பச்சைப் பேனா.
கை அதுவரை போனது,
பிறகு இரண்டு வெள்ளியை எடுத்து மேசைமேல் வைத்தது.
இதுக்குக் கோபப்படுவாங்களோ? என்றார்.

பார்ப்போம் டத்தோ என்றேன்.