நாய்கள் ஜாக்கிரதை

இடமாறுதல் உத்தரவில்
என் பெயர் இருந்தது.
பாளையங்கோட்டையில் சேரவேண்டிய தேதி இருந்தது.
தபாலைப் பற்றி ஒரு வரி இல்லை.

தபால், என் நாய்.
அரியலூர் அஞ்சலகத்தில் சாக்குப்பைகளுக்கு நடுவே
யார் முகவரியும் இல்லாமல் கிடந்தது.
இரண்டுமுறை நாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டவள்
நாய் வளர்ப்பதை
பீட்டில் பாதிப்பேர் நம்பவில்லை.

இங்கே ஜங்ஷன் பக்கத்து லாட்ஜில்
எனக்கு அறை. அதற்கு
எதிரே சைக்கிள் ஸ்டாண்ட், நாளொன்றுக்குப் பதினைந்து ரூபாய்.
வண்டி எண் எழுதும் கட்டத்தில்
‘நாய், செவலை’ என்று எழுதி
டோக்கனைக் கழுத்தில் கட்டினார் ஸ்டாண்டுக்காரர்.
மறுபாதியைத் தொலைக்காமல் வைத்திருந்தேன்.

காலையில் கடிதம். மாலையில் வீடு.
மகாராஜநகரில் ஒரு மாடி போர்ஷன்.
“தனியாவா இருப்பிய?”
ஆமாம்.
“கறி மீன் சமைப்பியளோ?”
அதற்கும் ஆமாம்.
“ஊர்ல எந்தத் தெரு?”
பின்கோடு சொன்னேன்.
நாய் என்றதும் அந்த அம்மாள்
“அதான பாத்தேன்” என்று
கேட்டின் கொண்டியை மாட்டினார்.
எதைப் பார்த்தார் என்று இன்றுவரை தெரியவில்லை.

பெருமாள்புரத்தில் நாய்க்குச் சம்மதம்தான்,
வெள்ளையாக, பஞ்சுபோல, மடியில் அடங்குவதாக இருந்தால்.
“இது நாட்டு நாய்லா” என்றார்,
தான் வேறெந்த நாட்டவரோ என்பதுபோல.

என்.ஜி.ஓ. காலனியில்
நாய் வடகிழக்கில் மட்டும் படுக்கக் கூடாதாம்.
வீடே ஓர் அறை.

“யக்கா, நாய்னு வாயே தொறக்காதிய,
கூட ஒரு ஆள் உண்டுன்னு சொல்லிருங்க”
என்றான் புரோக்கர் இசக்கிப்பாண்டி.
சொன்னேன்.
“ஆளா? ஆம்பளையாளா?”
அதற்கு நாயே தேவலை என்று
அவர்களே சொல்லிவிட்டுக்
கதவைச் சாத்தினார்கள்.

போன இடமெல்லாம் கடைசியில் ஒரே கேள்வி:
குரைக்குமா?
குரைக்காது. சத்தியம்.
நான்கு வருடத்தில் ஒருமுறைகூட இல்லை.
“குரைக்காத நாயா?” என்று
அதற்கும் ஒரு சந்தேகம்.

பன்னிரண்டாம் நாள்
சமாதானபுரத்தில் ஒரு பதிவுத் தபால்.
கேட்டில் ‘நாய்கள் ஜாக்கிரதை’. பன்மையில்.
குடையை முன்னால் நீட்டிப் பிடித்து மணியடித்தேன்.
ஒரு நாயும் வரவில்லை.
லுங்கியில் வந்து கையெழுத்துப் போட்டவர் ஞானதிரவியம்,
முருகன்குறிச்சியில் பம்ப்செட் உதிரிபாகக் கடை.
“நாயெல்லாம் எங்கே சார்?”
“போர்டு மட்டுந்தான். தொண்ணூறு ரூவா.
நாய்க்கு யாரு சோறு போடுதது?”
பிறகு குரலைத் தாழ்த்தி,
“களவாணிப் பயலுவளுக்கும் தெரிஞ்சு போச்சும்மா.
போன மாசம் மோட்டாரைக் கழத்திட்டானுவ,
பம்ப்செட் கடைக்காரன் வீட்டு மோட்டாரை.”

கீழ்வீடு காலி.
தனியாவா, கறியா, எந்தத் தெரு,
ஒன்றும் கேட்கவில்லை மனிதர்.
“குரைக்கும்லா?”
குடையை மடக்கியபடி சொன்னேன்:
“தெருவே தாங்காது சார்.”

டோக்கனைத் திருப்பிக் கொடுத்தேன்.
முதல் மூன்று ராத்திரி
மாடியில் விளக்கு அணையவில்லை.
அவர் காத்திருந்தார். நானும்தான்.
தபால் கால்களை நீட்டி
அரசாங்க ஊழியன்போல் உறங்கியது.

“என்னம்மா, சத்தத்தையே காணும்?”
“புது இடம் சார். தண்ணி ஒத்துக்கலை.”
“தாமிரவருணித் தண்ணியா?”
முகம் சுண்டிப்போனது.
திருடனைக்கூட மன்னித்திருப்பார்,
ஆற்றைச் சொல்லியிருக்கக் கூடாது.

நாலாம் ராத்திரி, மணி ஒன்று.
கதவைச் சத்தமில்லாமல் திறந்து
வாசலில் குத்தவைத்து
தொண்டையைச் செருமிக்கொண்டு
இரண்டுமுறை,
பிறகு கொஞ்சம் தைரியம் வந்து மூன்றாம் முறை
குரைத்தேன்.

மாடியில் விளக்கு அணைந்தது.

தபால் எழுந்து வந்து
என்னை ஏற இறங்கப் பார்த்தது,
வாடகை வீட்டில்
இந்த நாயை யார் உள்ளே விட்டது
என்பதுபோல.