கொசுறு

பல்லடம் மார்க்கெட்டில்
ஆறரைக்கு மேல் போனால்
கூடையின் அடியில் கிடப்பதுதான் நமக்கு.
துவண்ட மல்லித்தழை, வெடித்த தக்காளி.
விலை பேச இரண்டு பக்கமும் தெம்பிருக்காது.

கோழிக் கம்பெனியில் எனக்குக் கணக்கு வேலை.
பகலெல்லாம் தீவன மூட்டை, குஞ்சு வரவு, செத்தது எத்தனை.
பொழுதோட வீடு வந்து
மூன்று தரம் மூஞ்சி கழுவினாலும்
மக்காச்சோளமும் கருவாட்டுத் தூளும்
மூக்குக்குள்ளேயே குடியிருக்கும்,
வாடகை கொடுக்காத ஆள் மாதிரி.

அதனால் என் சமையல் ஒரே போசி.
அரிசியும் பருப்பும் சோறு.
ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு,
சின்ன வெங்காயம் கைநிறைய,
உரிக்கச் சலிப்பாயிருந்தால் அரைக்கை,
பூண்டு, சீரகம், வரமிளகாய், மஞ்சள்,
மூன்றரை டம்ளர் தண்ணீர்.
மூன்று விசில்.
மேலே நெய், இல்லாத வாரம் கடலெண்ணெய்.
கல்யாணமாகிப் பதினொரு வருடம்
வாரத்தில் நாலு நாள் இதுதான்.
நாச்சிமுத்து குறை சொன்னதேயில்லை.
சொல்லாததுதான் எனக்குக் குறை.

அன்றைக்குக் கருவேப்பிலை கொசுறு கேட்டேன்.
"தீந்துபோச்சுங்க" என்று
மாராக்கா வேறொரு கொத்தைப் பையில் திணித்தாள்.
"என்னங்க்கா இது?"
"போட்டுப் பாருங். புடிச்சிருந்தா நாளைக்குப் பேரு சொல்றேன்."

திருநீற்றுப் பச்சிலை என்று மறுநாள்தான் தெரியும்.
மூடி திறந்த சூட்டில் கிள்ளிப் போட்டேன்.
விபூதித் தட்டும் சோம்பு மிட்டாயும்
சண்டை போட்டுக்கொண்டு வந்தது போல ஒரு வாசம்
அடுப்படியைத் தாண்டி மீட்டர் பெட்டிவரை போனது.
வட்டலிலிருந்து தலையைத் தூக்கினார் நாச்சிமுத்து.
"இன்னைக்கு என்ன போட்டே?"

அப்புறம் நான் நிற்கவில்லை.
கற்பூரவல்லியைப் பொடிசாக நறுக்கித் தயிரில்: சரி.
சுக்குட்டிக் கீரை, பருப்போடு சேர்த்தே வேகவைத்தது: நெம்பச் சரி.
தூதுவளையில் ஒரு முள்ளை விட்டுவிட்டேன்,
அவர் ஈற்றில் இருந்தது அது.
பிரண்டைக்கு நார் உரித்தேன், புளியை மறந்தேன்.
ரவைக்குப் பத்து மணிக்கு
இரண்டு பேரும் நாக்கை நீட்டிக்கொண்டு
நல்லெண்ணெய்ச் சீசாவைத் தேடினோம்.
அரிக்கிற நாக்கோடு சிரிக்கக் கூடாது.
சிரித்தோம்.

வேப்பங்கொழுந்து போட்ட நாள் மட்டும்
பேசாமல் எழுந்து புரோட்டாக் கடைக்குப் போனார்.
எனக்கும் இரண்டு கட்டி வந்தார்.

நேற்று ஷிப்டு முடிந்து வந்தவர்
சட்டைப் பையிலிருந்து ஒரு கொத்தை எடுத்தார்.
தறிக்குடோன் சுவரோரம் தானாக முளைத்ததாம்.
பஞ்சுத் தூசி படிந்து நரைத்திருந்தது.
"மோந்து பாரு."
கசக்கினேன். சீரகம்.
"சீரகமா? மாங்காய் காம்பு கிள்ளுன வாசம்."
"இல்லைங்க, சீரகம்."
"உனக்குக் கோழி மூக்கு."
"உங்களுக்குப் பஞ்சு மூக்கு."
திங்கலாமா இதை, என்றேன்.
"வாட்ச்மேன் ஆடு தின்னுச்சு."
"ஆடு இருக்குதா?"
"நான் கெளம்பற வரைக்கும் இருந்துச்சு."

ஆட்டை நாளைக்கும் ஒருதரம் பார்த்துவிட்டு வரட்டும் என்று
டம்ளர் தண்ணீரில் அதை நிற்கவைத்து
ஜன்னலில் வைத்தோம்.
பேருக்கு மாராக்காளைக் கேட்கலாம்.
தெரியாது என்றால் இன்னும் நல்லது.

இதற்குள் எத்தனை விசில் போயிருந்ததோ,
இரண்டு பேருமே எண்ணவில்லை.
அதிலும் கணக்குக்காரி நான்.
அடிப்பிடித்த வாசம் வந்தது.
அதில் மட்டும் எங்களுக்குள் வழக்கில்லை.

மேல்சோற்றை அள்ளி வைத்துவிட்டு
அடியைச் சுரண்டினேன்.
"அந்தக் காந்தல் எனக்கு" என்று
வட்டலை நீட்டினார்.
பாதிதான் போட்டேன்.