வில்லங்கச் சான்று

பன்னிரண்டு பக்கம் கேட்டார்கள்.
என்னிடம் மூன்றரைதான் தேறியது.
மீதி அரைப் பக்கத்தைக் கரையான் தின்றதாக
அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

வில்லாவிசென்சியோ விமானத் தளத்தின்
கிழக்கு வேலியோரம்
மூக்கைத் தூக்கி, வாலைத் தரையில் ஊன்றி
பதினோரு வருடமாய் நிற்கிறது ஒரு டகோட்டா.
நிறுத்தக் கட்டணம் மட்டும் வளர்ந்து வளர்ந்து
விமானத்தைவிடப் பெரிதாகிவிட்டது.
யார் தலையில் கட்டுவதென்று பார்த்து வர
பொகோட்டாவிலிருந்து என்னைப் பேருந்தில் அனுப்பினார்கள்.

தாய்ப்பத்திரம்: ஒக்லஹோமா, நாற்பத்து மூன்று.
போருக்கென்று பெற்ற பிள்ளை.
போர் ஓய்ந்ததும் பாலைவனத்தில் வரிசையில் நின்று
ஒரு டிராக்டர் விலைக்குக் கைமாறியது.
பிறகு பெருவில் ஒரு இறால் கம்பெனி.
பிறகு பாதிரிமார்கள்.
மலேரியா மாத்திரை, தையல் இயந்திரம், ஒரு ஆர்மோனியம்.
பிறகு ஒப்துலியோ ரென்தெரியா.
அவர் ஏற்றாதது எதுவுமில்லை:
பீர், சிமெண்ட், ஆற்று மீன், சவப்பெட்டி,
கால் கட்டிய எருமைக் கன்று.
எண்பத்து நான்கில் தரைப்பலகைக்கு அடியில்
வெள்ளைப் பொடி கிடைத்து, அரசு ஜப்தி செய்தது.
ஏலத்தில் எடுத்த லுதிவியா கின்யோனெஸ்
கடைசிவரை வந்து பார்க்கவே இல்லை.

காவலாளியின் மனைவி
புரொப்பல்லரிலிருந்து கதவு வரை கொடி கட்டித்
துணி உலர்த்துகிறாள்.
ரேடியோப் பெட்டி இருந்த இடத்தில் கோழி அடைகாக்கிறது.
அனுபவ பாத்தியதை என்று அவள் பெயரை எழுதப் போனேன்.
"அப்போ கட்டணம்?" என்றாள்.
அடித்துவிட்டேன்.

மூன்றாம் நாள்தான் பெலார்மினோ வாய் திறந்தார்.
பழைய மெக்கானிக், ஒரு காது கேட்காது.
"தகடைப் பார்த்தியா? அது இதோடது இல்ல."

ஒப்துலியோவிடம் இரண்டு இருந்தன.
ஒன்று கடனில் மூழ்கியது, மற்றது சுத்தம்.
எழுபத்தொன்பது மழைக்காலத்தில்
சுத்தமானது வாவ்பேஸ் காட்டில் விழுந்தது.
கடன்காரனே விழுந்தான் என்று தந்தி போயிற்று.
"நாலு ரிவெட். இருபது நிமிஷம். ஒரு சீசா ரம்."
செத்ததன் எண்ணோடு
இருந்தது பறந்துகொண்டே இருந்தது.
விமானிகள் இரண்டு பேர் பெயர் மட்டும்
எந்தத் தாளிலும் மாறவில்லை.

அப்படியானால் ஒக்லஹோமாவிலிருந்து நான் தொடர்ந்து வந்தது
காட்டுக்குள் எங்கோ மரம் முளைத்துக் கிடக்கிறது.
இங்கே நிற்பதற்கு அப்பனும் இல்லை, ஆத்தாளும் இல்லை.
இடது இறக்கைகூட மூன்றாவது ஒன்றினுடையதாம்.

எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டேன்.
முழுதாக நான்கு பக்கம்.

மறுநாள் காலை மிர்த்தா யபாரி வந்தாள்,
மித்துவில் மீன் விற்பவள்,
விமானத்தை உடைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு.
கோழியை நகர்த்திவிட்டு உள்ளே ஏறினாள்.
சரிந்த தரையில் கைகளை ஊன்றி நடந்து
ஐந்தாவது ஜன்னலுக்குக் கீழே நின்றாள்.
அம்மா சொன்ன இடம்.
எண்பத்தொன்றில், மேகத்துக்கு மேலே,
சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே.

பிளாஸ்டிக் உறை போட்ட பிறப்புச் சான்றிதழைக் காட்டினாள்.
பிறந்த இடம் என்ற கட்டத்தில் ஊர் இல்லை.
ஒரு பதிவு எண்.
தகட்டிலிருந்த அதே எண்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
என் நாலாம் பக்கத்தின்படி அந்த விமானம்
அவள் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே
விழுந்து எரிந்துவிட்டது.

அவள் ஜன்னலைத் துடைத்து வெளியே பார்த்தாள்.
வேலி தெரிந்தது, துணிக்கொடி தெரிந்தது.
"எவ்வளவு உயரம் இருந்திருக்கும்?" என்று கேட்டாள்.
ஒன்பதாயிரம் அடி என்றேன்,
எனக்குத் தெரியாது.

வில்லாவிசென்சியோவில்
கரையான் தொல்லை அதிகம்.