கமா, புள்ளி, புதுப் பத்தி

பதினொரு வருடம் அவரை
என் காதுக்கு மட்டும்தான் தெரியும்.
ஃபிளீட் தெரு, மூன்றாம் மாடி,
தலையில் மாட்டிய ஹெட்போன், விரலடியில் டைப்ரைட்டர்.
எங்கோ வடக்கில் ஒரு சிவப்புத் தொலைபேசிக் கூண்டு;
காசு விழும் சத்தம், மழை,
பிறகு டெரன்ஸ் ஓல்ட்ராய்ட்:
"எழுதிக்கோம்மா."

ஹல் துறைமுகத்தில் மூன்று பெண்டாட்டி கட்டிய மாலுமி.
பாதிரியாரும் பந்தயக் குதிரையும்.
லீட்ஸ் நடிகையின் குளியலறை ஜன்னல்,
எதிரே நிற்பது என்ன மரம் என்பதுவரை.
நடுநடுவே கமா, புள்ளி, புதுப் பத்தி.
"இன்னும் நிறைய இருக்கா?" என்பேன்.
எங்கள் அறையில் எல்லோரும் கேட்பதுதான்.
எப்பேர்ப்பட்ட சூரனும் அதில் இரண்டு வரி சுருங்குவான்.

எழுபத்தாறு, நவம்பர். ராதர்ஹாம்.
கால்வாயில் ஒன்பது வயதுப் பையன்.
கதவைத் தட்டியிருக்கிறார். உள்ளே விட்டிருக்கிறார்கள்.
சுவரில் இருந்த பள்ளிக்கூடப் படம்
ஏற்கெனவே அவர் கோட்டுப் பையில்;
அடுத்த பேப்பர்காரன் வந்தால் ஆணிதான் மிச்சம்
என்று சிரித்தார்.
அந்தச் சிரிப்பு அடங்குமுன்:
"தாய் கதறி அழுதார், புள்ளி."
அடித்தேன்.
காசு தீரும் பீப். இன்னொரு காசு.
"அத எடுத்துடு. அவ அழல.
சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தா.
சின்னச் சட்டை. காலரையே, திரும்பத் திரும்ப.
நான் இருந்த நாப்பது நிமிஷமும்."
புள்ளி என்று சொல்லவில்லை.
இன்னும் நிறைய இருக்கா என்று
நானும் கேட்கவில்லை.

மறுநாள் ஐந்தாம் பக்கம்:
தாய் கதறி அழுதார்.
இஸ்திரிப் பெட்டிக்கு இடமில்லையாம்.
படம் திரும்பப் போனதா, தெரியாது.

அவர் வளர்ந்தார். பெயருக்குப் பக்கத்தில் முகம் வந்தது,
முகத்துக்குப் பின்னால் கார், கணக்குக் கேட்காத மதியச் சாப்பாடு.
செய்தி கம்பியிலேயே ஓடிவரத் தொடங்கியதும்
எங்கள் ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு உறை.

அவர் ஓய்வுபெற்ற இரவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.
வழக்கப்படி மேசைகளைத் தட்டினார்கள்,
ஸ்கேல், ஷூ, காலி பாட்டில், கையில் அகப்பட்டதால்.
அந்த இடிக்கு நடுவே நடந்து வந்தார்,
குரலைவிடக் குள்ளமான மனிதர்.
கிட்டப் போய்ச் சொன்னேன்: "ராதர்ஹாம். அந்தச் சட்டை."
"எந்தச் சட்டைம்மா?" என்றார்
மரியாதையாக, நிஜமாகவே யோசித்து.

கடைசி ரயிலில் வீடு வந்தேன்.
காலை எட்டுக்குப் பல் டாக்டரிடம் வரவேற்பு வேலை.
கசங்கிய காலரோடுதான் போனேன்.