எழுத்துக் கூலி

எழுத்துக்குப் பதினெட்டு குரோனா.
பெயருக்கும் ஆண்டுக்கும் தள்ளுபடி உண்டு,
புகழ்ச்சிக்குக் கிடையாது.
ஃபாரோ தீவுக் கல் கறுப்பு, எரிமலை கக்கியது.
உளிதான் அதிகம் தேயும்.

தபால்காரர் ஹானுஸ் போன மாதம் இறந்தார்.
அவர் படகுக் கொட்டகையில், வலைக்கு அடியில்
ஒரு பிஸ்கட் டப்பா.
உள்ளே ஒரு தந்தி, பிரித்தது, கொடுக்காதது:
நாற்பத்திரண்டு மார்ச், மீன் ஏற்றிப் போன கப்பல்,
ஆள் யாரும் மிஞ்சவில்லை.
அதற்கும் கீழே முப்பது தாள்.
முப்பதிலும் ரோக்வியின் சாய்ந்த கையெழுத்தைப்
பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி
வரி வரியாகப் பழகியிருந்தார்.

மூன்று வருடம் அந்த மகன்
கடலுக்கடியிலிருந்து கடிதம் போட்டான்.
மாட்டின் கால் ஆறியதா என்று கேட்டான்.
உயிரோடிருந்தபோது
மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டவனில்லை.
"கடல் என் பிள்ளையைத் திருத்திவிட்டது" என்று
மார்யுன் ஊரெல்லாம் சொன்னாள்.
நாற்பத்தைந்தில், போர் முடிய ஒரு வாரம் இருக்கையில்,
தலையணைக்கடியில் பதினோரு கடிதத்தோடு
நிம்மதியாகப் போய்ச்சேர்ந்தாள்.

அவள் அண்ணன் மகள் தூரி வந்தாள்.
"'இரக்கமுள்ளவர்' என்று வெட்டு. காசு நான் தருகிறேன்."
முன்பணமும் வைத்தாள்.

மறுநாள் எல்ஸ்பா.
உட்காரவில்லை. கையுறையைக் கழற்றவில்லை.
"ஒவ்வொரு கடிதத்துக்கும் கடைசியில் ஒரு வரி இருந்தது:
எல்ஸ்பாவிடம் சொல், காத்திருக்கட்டும்.
அது இல்லாமல் மார்யுன் நம்பியிருக்கமாட்டாள், தெரியும்.
நான் காத்திருந்தேன்.
வடக்குத் தீவு வாத்தியார் இரண்டு கோடை என்னைக் கேட்டார்,
மூன்றாம் கோடை வேறொருத்தியைக் கேட்டார்.
அதுகூடப் போகட்டும்."
மேசைமேல் கல்தூசியில் விரலால் எதையோ கிறுக்கி அழித்தாள்.
"மாட்டைப் பற்றி விசாரிக்கிறவனைத்தான்
எனக்குப் பிடித்துப்போயிற்று.
சொல், நான் யாருக்காகக் காத்திருந்தேன்?"

தேவாலயச் சபையில் ஏழு பேர் கூடினோம்.
பார்க்கிற இடத்தைப் பொறுத்தது என்றார் பாதிரியார்,
காப்பியை ஆற்றிக்கொண்டே.
குழிவெட்டும் யாஸ்பர் சொன்னான்:
"கல்லுக்கு இரண்டு முகம்.
ஊர்ப்பக்கம் இரக்கம், கடல்பக்கம் திருட்டு.
அவரவர் நிற்கிற இடத்திலிருந்து படித்துக்கொள்ளட்டும்."
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

பாதி வழியில் சிரிப்பு நின்றுவிட்டது.
மலையைப் பற்றி அப்படிப் பேசலாம்.
எங்கள் ஊருக்கு அது எருமை முதுகு,
அக்கரை ஊருக்குக் கவிழ்ந்த படகு.
மலை சரிந்து மேலே விழுந்தவளிடம்
எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாய் என்று
கேட்பதற்கு ஒரு வாய் வேண்டும்.
ஆனால் அதே மலைதானே
மூன்று குளிர்காலம் இன்னொருத்தி வாசலில்
காற்றை மறித்து நின்றது?
அதையும் இல்லை என்று சொல்ல
எனக்கு வாயில்லை.

உளிக்கு 'ஒரு விதத்தில்' என்று எழுத வராது.
பின்பக்கமும் செதுக்கலாம்தான்,
அடியில் கிடக்கப்போகிறவர் ஒருவர்.

கடைசியில் பெயர், பிறப்பு, இறப்பு, அப்புறம்
'கடிதங்கள் கொண்டுவந்தார்' என்று வெட்டினேன்.
தூரி பார்த்தாள். முன்பணத்தைத் திரும்பக் கேட்டாள்.
பாதிரியாருக்குச் சந்தோஷம், யாருக்கும் வலிக்காது என்றார்.
அது எனக்குப் பிடிக்கவில்லை.

எல்ஸ்பா, வாசலில் சாய்த்திருந்த கல்லை
வெகுநேரம் படித்தாள், அந்த இரண்டே சொல்லை.
பிறகு என் சாக்குக்கட்டியை எடுத்து
கீழே எழுதினாள்:
எல்லாவற்றையும் அல்ல.

"இதற்கு எவ்வளவு?"
கூட்டிச் சொன்னேன். பேரம் பேசவில்லை.
அவள் பைக்குள் நோட்டுகளைத் துழாவிக்கொண்டிருந்தபோது
மேற்கிலிருந்து மழை இறங்கியது,
இங்கே எப்போதும் போல, சொல்லாமல்.
கோணியை உருவிக்கொண்டு ஓடினேன்.
ஏற்கெனவே வெட்டியதற்கு மழையால் ஒன்றுமில்லை.
அதற்குக் கீழேதான் போர்த்தினேன்,
சாக்குக்கட்டி எழுத்து
நனையாமல்.