பத்து நாற்பது படகு

நார்வேயின் ஸ்கார்வோயா தீவிலிருந்து
இரவு பத்து நாற்பதுக்குப் புறப்படும் கடைசிப் படகை
நிறுத்திவிடலாமென மாவட்ட அலுவலகத்துக்கு
எழுதியிருந்தார் ஐவின்ட் ஹோல்ம்செத்.
ஒரே பக்கம்.
ஆட்சேபம் இருந்தால் பதினான்கு நாளுக்குள்.

ரக்ன்ஹில்ட் முதலில் எழுதியது ஏழு பக்கம்.
அதில் அப்பாவின் மீன்வலை இருந்தது,
போர்க்காலப் பனி இருந்தது,
ஒருமுறை துறை வரைக்கும் வந்துபோன திமிங்கிலம் இருந்தது.
படகு
ஆறாம் பக்கத்தில்தான் வந்தது, அதுவும் தாமதமாக.

ஒவ்வொரு வரியின் முன்னும் நின்று
அதனால் என்ன, என்று கேட்டாள்.
வலை பதில் சொல்லவில்லை.
பனி வாய் திறக்கவில்லை.
திமிங்கிலம் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டு
மூழ்கிப் போனது.
(அதை அடிக்கத்தான் மனம் வரவில்லை.
மூன்று முறை அடித்தாள்.)
வழி கேட்டவருக்குப் பாக்கு விலை சொன்ன
அத்தனை தாளும் அடுப்புக்குப் போயின.

மிஞ்சியது ஒரு வாக்கியம்:
'நாங்கள் செத்தால் என்ன என்கிறார் ஹோல்ம்செத்.'

மை காயும்வரை அதைப் பார்த்தாள்.
பிறகு அவர் கடிதத்தை மறுபடி எடுத்தாள்.
மேலிருந்து கீழ்வரை தேடியும்
அதில் சாவு இல்லை.
'சராசரியாக ஓர் இரவுக்கு இரண்டு பேர்' என்றிருந்தது.
'அந்த டீசல் காசில் பள்ளிக்கு ஒரு செவிலி' என்றிருந்தது.
கையெழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது.
அதற்கு அவள் பதில் எழுத வேண்டியதில்லை.

சுவரில் அவர் நிழலை வரைந்து
இத்தனை நாள் அதனோடு மல்லுக்கட்டியிருக்கிறாள்.

மறுநாள் துறைக்குப் போய்
டிக்கெட் கிழிக்கும் தூரேயின் ஏட்டைப் புரட்டினாள்.
சனவரி, இரண்டாம் வாரம்.
திங்கள் யாருமில்லை. செவ்வாய், புதன், வியாழன்
யாருமில்லை.
வெள்ளி ஒன்பது பேர், ஒரு நாய்.
சனி நான்கு.
ஞாயிறு ஒருத்தி, நிறைமாதம்.
கூட்டி ஏழால் வகுத்தாள்.
இரண்டு. மிச்சமில்லை.

'ஹோல்ம்செத் சொல்வது இது:
இரண்டு பேருக்காக ஒரு படகு எரிக்கும் பணம்
பிள்ளைகளுக்குப் போகட்டும்.
கணக்கு சரி. நானும் எண்ணினேன்.
செவிலி வேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றில்லை.
ஆனால் சராசரி என்பவர்
ஒருநாளும் இந்தப் படகில் ஏறியதில்லை.
ஏறியவர்கள் வெள்ளிக்கிழமை ஒன்பது பேர்;
ஞாயிற்றுக்கிழமை ஒருத்தி, வலியோடு.
வெறுமையான நான்கு இரவுகளை எடுத்துக்கொள்ளுங்கள்.
மூன்றை விடுங்கள்.'

அரைப் பக்கம்கூட வரவில்லை.

கூட்டத்தில் ஹோல்ம்செத் எழுந்து
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதை வாசித்தார்.
ஆமாம், நான் சொன்னது இதுதான், என்றார்.
இன்னும் ஒருமுறை வாசித்தார்.
அப்புறம், அவள் பக்கம் திரும்பாமல்,
தாளைப் பார்த்தே கேட்டார்:
பிரசவ வலி
ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் வருமா?

அறையில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.
பையைத் துழாவிப் பென்சிலை எடுத்தாள்,
புதுத் தாளின் தலையில் எழுதினாள்:
ஹோல்ம்செத் கேட்பது இது.